டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமில் விதி, கதாபாத்திரம், கதை மூன்றையும் எப்படிச் சமன்செய்வது?

கேள்வியில் சொல்லியிருக்கும் நிலைமை இதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அந்த வகையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, நான்கு ஆட்டக்காரர்கள், கதையையும் எதிரிகளையும் நடத்தும் ஒரு கேம் மாஸ்டர். ஒருவர் கணக்குப் போட்டு அடித்து நொறுக்கும் பாத்திரத்தோடு வந்திருக்கிறார். இன்னொருவர் மூன்று பக்கத்துக்குப் பின்கதை எழுதி வந்திருக்கிறார், ஆனால் சண்டை வந்தால் சும்மா நிற்கிறார். நடுவில் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதிலேயே நேரம் ஓடிவிடுகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, யாருடைய முடிவால் ஆட்டம் எத்தனை முறை திசை மாறுகிறது என்பதை. அது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வாய்த்தால், கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் திறன்களை எண்களாக எழுதிய தாளில்) உள்ள எண் வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. வாய்க்காவிட்டால் எண்கள் அச்சுப்பிசகாமல் சமமாக இருந்தும் ஒருவர் போனை நோண்டிக்கொண்டுதான் இருப்பார்.

அதற்காக எண்களை விட்டுவிடவும் முடியாது. வலிமை போன்ற ஆறு அடிப்படைத் திறன்களைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் முறையில் (நான்கு ஆறுமுகப் பகடை, மிகக் குறைந்ததைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவது) ஒரு திறனுக்குச் சராசரி 12.24 வரும். ஆனால் சராசரி குழுவுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒருவருக்கு 17, 16, 15 என்று விழும், பக்கத்தில் இருப்பவருக்கு 11, 10, 9. அந்த ஒரு நாள் அதிர்ஷ்டத்தை ஒரு வருடம் சுமக்க வேண்டும். நீண்ட தொடருக்கு, ஆளுக்கு 27 புள்ளி கொடுத்து அதில் திறன் எண்களை வாங்கிக்கொள்ளச் சொல்லும் முறையே நல்லது. அதில் 15, 14, 13, 12, 10, 8 என்று பரவலாகவும் எடுக்கலாம், 15, 15, 15, 8, 8, 8 என்று மூன்றில் குவிக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் சரியாக 27தான் செலவாகும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் லெவலில் இரண்டு போர்வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வலிமை 16, அதனால் தாக்குதலுக்கு +5. கதைக்காகப் பாத்திரம் கட்டியவருக்கு வலிமை 12, தாக்குதலுக்கு +3. எதிரியின் கவச எண் 15, அதாவது பகடையும் போனஸும் சேர்ந்து 15ஐத் தொட்டால் அடி படும். முதலாமவருக்கு 20 முகப் பகடையில் 10 விழுந்தால் போதும், 55 சதவீதம். இரண்டாமவருக்கு 12 வேண்டும், 45 சதவீதம். ‘பத்து சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் அதே வலிமை போனஸ் சேதத்திலும் சேர்கிறது. எட்டு முகப் பகடை வாள் என்றால் பட்ட அடிக்குச் சராசரி ஒருவருக்கு 7.5, மற்றவருக்கு 5.5. வாய்ப்பையும் சேதத்தையும் பெருக்கினால் (20 விழும்போது கிடைக்கும் கூடுதல் சேதத்தை விட்டுவிட்டு) ஒரு முறைக்கு 4.1, 2.5. ஒருவர் மற்றவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடிக்கிறார். ஒரே எண் இரண்டு இடத்தில் வேலை செய்யும்போது இடைவெளி இப்படித்தான் விரியும். லெவல் ஏறி, ஒரு முறைக்கு இரண்டு மூன்று அடி அடிக்கத் தொடங்கினால் இன்னும் விரியும்.

ஆகவே பாத்திரம் கட்டும் நாளில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தால் போதும்: தன் வகுப்பின் (போர்வீரர், திருடர் போன்ற பாத்திர வகையின்) முக்கியத் திறன் எல்லோருக்கும் 15 அல்லது 16 இருக்க வேண்டும். மிச்சத்தை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும். கதையை விரும்புகிறவர் இதைத் தடையாக நினைக்கத் தேவையில்லை. ‘ஊரறிந்த வாள்வீராங்கனை’ என்று பின்கதையில் எழுதிவிட்டு வலிமைக்கு 12 வைத்தால், அந்தக் கதையைப் பகடை ஒவ்வொரு வாரமும் பொய்யாக்கிக் காட்டும்.

பின்கதைக்கு வருவோம். மூன்று பக்கம் எழுதுவது தவறில்லை, ஆனால் கேம் மாஸ்டர் அதிலிருந்து காட்சி எடுக்க முடிய வேண்டும். “சிறு வயதில் பெற்றோரை இழந்து காடுகளில் அலைந்தாள்” என்பதில் எடுக்க ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்துபோன சமாச்சாரம். “அவளுடைய அண்ணன் துறைமுகத்தில் வரி வசூலிக்கிறான், அவனிடம் கடன் வாங்கி இந்த வாளை வாங்கினாள், மழைக்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும்” என்றால் மூன்று காட்சி கையில் இருக்கிறது. பின்கதையில் இந்த நான்கும் இருந்தால் போதும்: உயிரோடு இருக்கும் ஒரு ஆள், இன்னும் தீராத ஒரு பாக்கி, கெடு வைத்த ஒரு ஆசை, இந்தக் குழுவை விட்டுப் போகாமல் இருக்க ஒரு காரணம். ஐந்து வரியில் அடங்கிவிடும். கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம். ‘தனியாகத் திரிபவன், யாரையும் நம்பாதவன்’ என்ற பாத்திரத்தைக் குழுவோடு ஒட்டவைக்கும் வேலை மற்ற மூன்று பேர் தலையில் விழும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஷீட்டை ஒரு விண்ணப்பமாகப் படிக்கப் பழகினால் நிறையச் சிக்கல் தீரும். பூட்டுத் திறப்பதில் புள்ளி போட்டவர் ‘எனக்குப் பூட்டுகள் வேண்டும்’ என்று கேட்கிறார். கணக்குப் போட்டு வலுவாகக் கட்டியவர் ‘எனக்குக் கடினமான சண்டை வேண்டும்’ என்று கேட்கிறார். அவரைக் குழுவின் வில்லனாகப் பார்ப்பது பெரிய தவறு. விதிகளை ஊன்றிப் படித்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான். விதிப்புத்தகத்தைப் புரட்டும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் கேம் மாஸ்டர் சொன்னபடி ஆட்டம் நகரட்டும், சரியான விதியை ஆட்டம் முடிந்ததும் பார்த்து எழுதிவையுங்கள்.

இனி பகடை. விதியும் கதையும் மோதுவதாகச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலானவை, உருட்டவே தேவையில்லாத இடத்தில் உருட்டியவை. உருட்டுவதற்கு முன் இரண்டு விளைவையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரவு, கிடங்குக் கதவு, பூட்டின் இலக்கு எண் (பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டியது) 15, திருடனின் போனஸ் +5, வாய்ப்பு 55 சதவீதம். ‘தோற்றால் பூட்டு திறக்காது’ என்று மட்டும் வைத்தால் அவர் மறுபடியும் உருட்டுவார். மூன்று முறைக்குள் திறந்துவிடும் வாய்ப்பு 91 சதவீதம். அந்த மூன்று உருட்டலிலும் கதை ஒரு அங்குலம்கூட நகராது. அதே பூட்டுக்கு, “தோற்றாலும் திறக்கும், ஆனால் காவலாளியின் விளக்கு மூலையில் திரும்பும் நேரத்தில்தான்” என்று சொல்லுங்கள். ஒரே உருட்டல். இரண்டு பக்கமும் ஏதோ நடக்கிறது. தோல்விக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லையா, பகடையைத் தொடாதீர்கள். அவர் தேர்ந்த திருடர், பூட்டைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

எல்லோரையும் உருட்டச் சொல்வது இன்னொரு பொறி. நால்வரும் பதுங்கிச் செல்கிறார்கள், ஆளுக்கு 55 சதவீதம், ஒருவர் தவறினாலும் மாட்டிக்கொள்வார்கள் என்றால் தப்பிக்கும் வாய்ப்பு 9 சதவீதம்தான். பதுங்கும் திட்டம் ஏன் ஒருபோதும் பலிப்பதில்லை என்று குழு சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றது என்ற விதி இருக்கிறது. அதன்படி வாய்ப்பு ஏறக்குறைய 76 சதவீதம் ஆகிவிடும்.

துப்பறியும் கதையில் மிக அவசியமான தடயத்தைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். தேடியவருக்குக் கிடைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம், யார் கண்ணில் படாமல் என்பதற்கு மட்டும் உருட்டுங்கள். ஒரு முடிவுக்கு வர மூன்று வெவ்வேறு தடயங்களாவது இருக்கட்டும். உங்களுக்குப் பளிச்சென்று தெரிவது மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் தெரியாது.

ஆறுமுகப் பகடை இரண்டைக் கூட்டி உருட்டும் சில ஆட்டங்கள் வேறொரு வழியில் போகின்றன. அங்கே 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் தோல்வி. +1 உள்ளவருக்கு முழு வெற்றி 28 சதவீதம், தோல்வியும் அதே 28, நடுவில் 44. அடிக்கடி விழுவது ‘ஆம், ஆனால்’ என்பதுதான், அதனால் கதை தானாகவே சிக்கலாகிக்கொண்டு போகும். உங்கள் ஆட்டத்திலும் இதைக் கொண்டுவரலாம்: இலக்கு எண்ணை 1 அல்லது 2ஆல் தவறவிட்டால், ஒரு விலை கொடுத்து வெற்றி பெறலாம். ஐந்தாம் பதிப்பின் 2014 கேம் மாஸ்டர் கையேட்டிலேயே இதை விருப்ப விதியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பேச்சுவார்த்தைக் காட்சிகளில் வரும் தகராறையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்டக்காரர், கவர்ச்சி (பிறரைப் பேச்சால் ஈர்க்கும் திறன்) 8 உள்ள பாத்திரத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் பேசியே மடக்குவார். கூச்ச சுபாவம் உள்ளவர் கவர்ச்சிக்கு 16 வைத்தும் வாய் திறக்கமாட்டார். ஆட்டக்காரரிடம் ‘எதைச் சொல்லி மடக்கப் பார்க்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். காவலாளியின் நிலுவைச் சம்பளத்தைச் சுட்டிக்காட்டினால் இலக்கு எண்ணைக் குறையுங்கள், அவன் குடும்பத்தை இழுத்து மிரட்டினால் ஏற்றுங்கள். பிறகு உருட்டட்டும். விழுந்த எண்ணைப் பார்த்த பின் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் அருமையாக நடிக்கவிட்டு அப்புறம் 3 விழுந்தால் மனசு விட்டுப்போகும்.

சண்டையில் ‘ஒரே ஒரு பெரிய அரக்கன்’ கிட்டத்தட்ட எப்போதும் சொதப்பும். குழுவுக்கு ஒரு சுற்றில் நான்கு முறை, அவனுக்கு ஒன்று. இதைச் சரிக்கட்ட ஹிட் பாயிண்டை (அவன் தாங்கக்கூடிய சேதத்தின் அளவை) இரட்டிப்பாக்குவார்கள். ஒருவர் முறைக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஒரு சுற்று 10 நிமிடம். நான்கு சுற்று கூடினால் 40 நிமிடம் கூடுதலாக அதே அடிதடி. அவனுக்குக் கூடுதல் செயல்கள் கொடுங்கள், அல்லது துணைக்கு நான்கு அடியாட்களை நிறுத்துங்கள். அதைவிட நல்லது, கொல்வதைத் தவிர வேறொரு இலக்கை நடுவில் வைப்பது: மூன்று சுற்றுக்குள் பாலத்தின் கயிற்றை அறுக்க வேண்டும், எரியும் அறையிலிருந்து கைதியை இழுத்து வர வேண்டும். வலுவான போர்வீரர் அரக்கனைத் தடுத்து நிறுத்துகிறார், அந்த நேரத்தில் கதை விரும்பி கயிற்றை அறுக்கிறார். இருவருக்கும் வேலை.

சொந்த விதிகள் சேர்ப்பதில் நிதானம் வேண்டும். பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும் என்ற விதி பல மேசைகளில் உண்டு. ஒரு சுற்றில் ஒரு அடி அடிக்கும் புதியவருக்கு அது 5 சதவீதம். நான்கு அடி அடிக்கும் 20ஆம் லெவல் போர்வீரருக்கு 18.5 சதவீதம். ஒரு சுற்று 6 விநாடி, ஆகவே ஒரு நிமிடச் சண்டையில் 40 அடி, சராசரியாக இரண்டு முறை அந்த மாவீரன் வாளைத் தவறவிடுவான். வேடிக்கையாகத் தோன்றிய விதி, அதிகம் பயிற்சி பெற்றவனையே அதிகம் தண்டிக்கிறது. புதிய விதியை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சேர்த்து, மூன்று செஷன் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விழுந்த எண்ணைக் கேம் மாஸ்டர் மறைத்து மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தெரியவந்த மறுநாளே, ஆட்டக்காரர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு மதிப்பில்லாமல் போகும். எல்லோரும் பார்க்க உருட்டுங்கள்.

அடுத்த செஷனிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதி, ஒருவரின் முடிவால் காட்சி மாறும்போதெல்லாம் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அடி அடித்ததற்குக் கோடு இல்லை, முடிவுக்கு மட்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 9, 7, 6, 1 என்று இருக்கலாம். அந்த ஒன்றுக்காரரின் ஷீட்டை எடுத்து, அவருடைய ஐந்து வரியில் வரும் அண்ணனை அடுத்த காட்சியில் கதவைத் தட்டவையுங்கள்.

அப்படியும் அவர் சும்மா இருந்தால் பாத்திரமே அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். முதல் மூன்று செஷனுக்குள் எண்களை முழுக்க மாற்றிக்கட்ட எல்லோருக்கும் அனுமதி கொடுங்கள். பெயரும் உறவுகளும் கடனும் அப்படியே இருக்கட்டும். வகுப்பு, திறன்கள், மந்திரங்கள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், கதைக்குள் காரணம் கேட்க வேண்டாம்.