உப்புத் தண்ணீர், கரிசல் மண்: வீட்டுக் காய்கறித் தோட்டம் எப்படிப் போடுவது?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்கள் கொல்லையில் 3 சென்ட் இடம் இருக்கிறது. கரிசல் மண். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பரிசோதித்ததில் உப்பின் அளவைக் காட்டும் இ.சி. 2.8, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 8.1 என்று வந்தது. குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் விலைக்குத்தான் வாங்குகிறோம். போன மாசியில் மேட்டுப்பாத்தி போட்டுத் தக்காளி, பீன்ஸ், கேரட் விதைத்தேன். பீன்ஸ் இலை ஓரமெல்லாம் கருகியது, கேரட் முளைக்கவே இல்லை, தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. பாத்தியின் மேல் வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார்கள். வருடம் முழுக்க வீட்டுக்குக் காய் கிடைக்க என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை. மாசி மாதமும் மேட்டுப்பாத்தியும் உப்புத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினை. மேட்டுப்பாத்தி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காயும். அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். நீங்கள் பார்த்த வெள்ளைப் படிவு அதுதான். சின்ன விதை முளைக்கிற மேல் அரை அங்குலத்தில்தான் உப்பு அதிகம் சேரும் என்பதால் கேரட் தலைகாட்டவில்லை.

ஜிப்சம் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான, அதாவது சோடியம் மிகுந்த நிலத்துக்கான மருந்து. உங்கள் மண்ணில் இருப்பது வெறும் உவர் (தண்ணீரில் கரையும் உப்பு) என்றால் அது உதவாது. தண்ணீரைச் சோதித்தீர்கள், மண்ணைச் சோதிக்கவில்லை. முக்கால் அடி ஆழம் வரை நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்த அரைக் கிலோ மண்ணை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பி.எச். 8.5-ஐத் தாண்டி, களர் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் போடலாம். உவரைப் போக்க நல்ல தண்ணீரால் கழுவி இறக்குவது ஒன்றுதான் வழி. அதற்கு வானம்தான் தண்ணீர் தரவேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இடம் இருக்கிறதே என்று 3 சென்ட்டிலும் பாத்தி போடாதீர்கள். உங்களுக்குப் பற்றாக்குறை நிலத்தில் இல்லை, நல்ல தண்ணீரில்தான். எனவே நல்ல தண்ணீர் எத்தனை லிட்டர் என்று முதலில் அளந்துகொண்டு, அதற்குத் தக்கபடி பாத்தி போடுங்கள்.

கணக்கு எளிது. நம் பக்கத்துக் கோடையில் செடி மூடிய ஒரு சதுர மீட்டர் பாத்தி, நாளொன்றுக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீர் இழுக்கும். 10 அடி நீளம், மூன்றரை அடி அகலம் உள்ள பாத்தி மூன்றேகால் சதுர மீட்டர். ஆக ஒரு பாத்திக்கு 20 லிட்டர். அரிசி, காய் கழுவி ஊற்றுகிற தண்ணீரே நாலு பேர் வீட்டில் 15 முதல் 20 லிட்டர் வரும். விலைக்கு வாங்கிய தண்ணீர், அதில் உப்பில்லை. அது ஒரு கீரைப் பாத்திக்கு அப்படியே போய்விடும். சோப்பு சேராமல் தனி வாளியில் பிடித்து அன்றைக்கே ஊற்றுங்கள். மறுநாள் வரை வைத்தால் நாறும்.

அடுத்தது கூரை மழை. 600 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால், வீணாவது போக 4,400 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒழுங்காகப் பெய்கிற வருடம் இதைப்போல மூன்று நான்கு மடங்கு வரும். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று வையுங்கள். முதல் மழையின் தூசித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். மழைக்காலம் முடியும்போது தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் குறி. இந்த 5,000 லிட்டரோடு போர் தண்ணீரை ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 10,000 லிட்டர், இ.சி. 1.4-க்கு இறங்கிவிடும். மூன்று பாத்திக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் என்றால் ஐந்தரை மாதம் ஓடும். தை பிறந்ததிலிருந்து ஆனி வரை தாட்டிவிடலாம். மூன்று பாத்தி சேர்ந்து கால் சென்ட்கூட வராது. சின்னதாகத் தோன்றினாலும் காய்க்கிற கால் சென்ட் அது.

கலந்த தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பயிரை வைத்துப் பார்த்தால் தெரியும். இ.சி. 2.8 தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் வேர்ப் பகுதி மண்ணின் இ.சி. 4-ஐத் தாண்டும். பீன்ஸுக்கு 1-க்கு மேல் போனாலே மகசூல் சரியத் தொடங்கும். 4-ல் பாதிக்கு மேல் போய்விடும். கேரட், வெங்காயம், முள்ளங்கி எல்லாம் ஏறக்குறைய அந்த வகைதான். தக்காளி 2.5 வரை தாங்கும், மிளகாய் 1.5 வரை. தட்டைப்பயறோ கிட்டத்தட்ட 5 வரை அசையாது. கொத்தவரை 8-க்கு மேலும் நிற்கும். பீட்ரூட் 4 வரை சமாளிக்கும். ஆனால் முளைக்கிற பருவத்தில் மட்டும் அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும்.

ஆகவே தோட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை இவற்றுக்குக் கலந்த தண்ணீர்ப் பாத்தி மூன்று. கொத்தவரை, தட்டைப்பயறு இரண்டுக்கும் போர் தண்ணீர்ப் பாத்தி. இதற்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை, வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடலாம். பீன்ஸையும் கேரட்டையும் மறந்துவிடுங்கள். நல்ல தண்ணீரே கிடைத்தாலும் நம் வெயிலுக்கு அவை ஒத்துவராது.

பாத்தி எடுக்கும் வேலையை ஆவணி, புரட்டாசியில் முடித்துவிட வேண்டும். ஓரடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்குங்கள். கரிசலில் கோடை வெடிப்பு கையகலம் விட்டிருக்கும். அதை மூடாமல் விட்டால் மழைத் தண்ணீர் வெடிப்பு வழியே நேராகக் கீழே போய்விடும். உப்பு மண்கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். வெடிப்பை மூடி, பாத்தியைச் சுற்றி அரையடி வரப்புக் கட்டி, பெய்கிற மழை அங்கேயே நின்று இறங்கும்படி செய்யுங்கள். ஓரடி மண்ணில் உள்ள உப்பில் பெரும்பகுதியைக் கழுவ ஓரடி உயரத் தண்ணீர் இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் அந்த அளவு கிடைத்துவிடும். தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேங்கி நின்றால் ஒரு மூலையில் வாய் வெட்டி வடியவிடுங்கள்.

இப்படிக் கழுவுகிற காலத்தில் அந்தப் பாத்திகளில் எதுவும் நட வேண்டாம். முள்ளங்கி, கொத்தமல்லி, கீரை இவற்றைப் பக்கத்தில் மேட்டுப்பாத்தியில் விதையுங்கள். மேட்டுப்பாத்தி மழைக்காலத்துக்கு ஏற்றது, கோடைக்குத் தாழ்பாத்திதான். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை ஐப்பசியில் பூந்தொட்டியில் விட்டு, கார்த்திகைக் கடைசியில் பாத்தியில் நடுங்கள். தக்காளிக்கு 25 நாள் நாற்று போதும், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். அப்படி நட்டால் இரவு குளிர்ந்திருக்கிற தை, மாசியில் தக்காளி பூத்துப் பிஞ்சு பிடிக்கும். இரவும் புழுக்கமாக இருக்கிற பங்குனி, சித்திரையில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். எந்த டானிக் தெளித்தாலும் நிற்காது. தக்காளியின் அடி கறுத்துக் குழிவிழுந்தால் பூச்சி என்று நினைக்காதீர்கள். ஒருநாள் ஈரம் ஒருநாள் காய்ச்சல் என்று தண்ணீர் விட்டதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு ஏறவில்லை என்று பொருள்.

நடும் முன் ஒரு பாத்திக்கு நன்றாக மட்கிய தொழுவுரம் 10 கிலோ, கண்மாய் வண்டல் கிடைத்தால் இரண்டு கூடை, கரையானுக்காக வேப்பம் புண்ணாக்கு 300 கிராம் கலந்துவிடுங்கள். பச்சை ஆட்டுப் புழுக்கையை நேராகப் போடாதீர்கள். அதிலும் உப்பு உண்டு, சூடும் உண்டு. குழியில் போட்டு ஈரம் காட்டி மூன்று மாதம் மட்கவிட வேண்டும். கருவேலங்கரி மூட்டம் போட்ட சாம்பல் உங்கள் பக்கம் சும்மாவே கிடைக்கும். பி.எச். 8-ஐத் தாண்டிய தண்ணீர் பாய்கிற மண்ணுக்குச் சாம்பல் கெடுதல்தான்.

தை பிறந்ததும் மூடாக்கு. வைக்கோல், கடலைத்தோல், காய்ந்த சருகு எதுவானாலும் 3 அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். உப்புத் தண்ணீர்த் தோட்டத்தில் மூடாக்குக்கு இரட்டை வேலை. ஈரத்தைக் காக்கும், உப்பு மேலே ஏறிப் படிவதையும் தடுக்கும். பாத்தியின் மேற்கே அகத்தி அல்லது முருங்கை ஒரு வரிசை இருந்தால் பிற்பகல் வெயிலும் ஆனி, ஆடி மேல்காற்றும் நேராக அடிக்காது.

இடைவெளி: கொத்தவரைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரையடி. வெண்டைக்கு ஒன்றரை அடிக்கு ஓரடி. தக்காளியும் மிளகாயும் 2 அடிக்கு ஒன்றரை அடி. கீரைப் பாத்திக்குக் கால் டீஸ்பூன் விதை போதும். நாலு பங்கு மணலில் கலந்து தூவுங்கள்.

சுரை, பீர்க்குக்குப் பானைப் பாசனம் நன்றாகக் கைகொடுக்கும். 7 லிட்டர் மண்பானையைக் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, சுற்றி நாலு விதை ஊன்றி, வாயை மூடிவிடுங்கள். புதைக்கும் முன் தண்ணீர் நிரப்பி நிழலில் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்க வேண்டும். வியர்க்காத பானை உதவாது. பானைக்குள் போர் தண்ணீர் ஊற்றினால் நுண்துளை உப்பு அடைத்துக்கொள்ளும், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் கஞ்சி படியும். கலந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

குளித்த தண்ணீர் உங்கள் வீட்டில் உப்போடு சோப்பும் சேர்ந்தது. அதை வாழைக்கு விடுவது வழக்கம்தான், ஆனால் வாழை உப்பைத் தாங்காது. தென்னை, சப்போட்டாவுக்குத் திருப்புங்கள். துணி துவைத்த பவுடர் தண்ணீர் எந்தப் பயிருக்கும் வேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அது வெளியே தள்ளும் தண்ணீர், உள்ளே போனதைவிட உப்பு கூடியது. அதுவும் தோட்டத்துக்கு ஆகாது.

போர் தண்ணீர்ப் பாத்தியைக் காயப்போடாதீர்கள். மண் காயக் காய உப்பு செறிவாகி வேரைப் பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, தேவைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். தண்ணீரைத் தரையோடு விடுங்கள். இலைமேல் தெளித்தால் கருகும். கோடையில் திடீரென்று ஒரு தூறல் போட்டால் அன்றைக்குப் பாய்ச்சலை நிறுத்திவிடுவது பலரும் செய்வது. அந்தத் தூறல் மேல்மண் உப்பைக் கரைத்து நேராக வேருக்குக் கொண்டுவந்து விட்டுவிடும், அதற்குமேல் தள்ள அதற்குப் பலம் இருக்காது. லேசான தூறல் அன்று கட்டாயம் பாய்ச்சுங்கள்.

போர் தண்ணீரைச் சித்திரையில் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு கூடுவதுண்டு. இ.சி. 4-ஐத் தொட்டால் ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு மழைத் தண்ணீர் என்று கலவையை மாற்றுங்கள். அப்போது தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீரும் என்பதால், மூன்று பாத்தியில் ஒன்றைக் கொத்தவரைக்கு மாற்றிவிட்டு இரண்டை மட்டும் காப்பாற்றுங்கள்.