எம்ஜிபி இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் ட்யூனிங்: கேள்வி பதில்

எல்லாக் கேள்விகளும் இரண்டு எஸ்யூ எச்எஸ்4 ரகக் கார்புரேட்டர் பொருத்திய 1798 சிசி எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பற்றியவை. பின்னால் வந்த எச்ஐஎஃப்4 ரகம் உள்ளவர்களுக்கு மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) ஸ்க்ரூ பக்கவாட்டில் இருக்கும், ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) பற்றிச் சொல்வது அப்படியே பொருந்தாது.

கேள்வி: சார், 1967 எம்ஜிபி வாங்கியிருக்கிறேன். சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. எந்த ஸ்க்ரூவை முதலில் திருப்புவது?

பதில்: எதையும் தொடாதீர்கள். இடைவெளிகளை டேப்பட்டில் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயிண்டில் 15 தௌ, பிளக்கில் 25 தௌ வைத்து, டைமிங் லைட் போட்டுப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி அடம்பிடித்தால்தான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். இக்னிஷன் கோளாறை மிக்ஸ்சரில் சரிக்கட்டப் பார்த்தவர்கள்தான் அதிகம், உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவரும் திருகிப் பார்த்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, இரண்டு கார்புரேட்டரையும் சமமாக வைக்கக் கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரு முழ ரப்பர் ட்யூப் போதும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். இரண்டு த்ராட்டிலையும் இணைக்கிற கம்பியின் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே ஆடும். ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாகக் கேட்கும்வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஃபேனிடம் ட்யூபும் சட்டைக் கையும் போகாமல் ஜாக்கிரதை.

ரொம்ப நேரம் ஐட்லிங்கிலேயே விட்டால் பிளக் அழுக்காகி நம்மை ஏமாற்றும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி அரை நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் தொடருங்கள்.

கேள்வி: மிக்ஸ்சர் நட்டை எவ்வளவு திருப்புவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆரம்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தால் ஜெட்டின் மேல்முனை தெரியும், அது பிரிட்ஜோடு (காற்று போகும் வழியின் அடித்தளம்) மட்டமாக வரும்வரை நட்டை ஏற்றி, பிறகு இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். நட்டுக்கு ஆறு முகம், ஆகவே பன்னிரண்டு முகம். இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவில் தொடங்குங்கள்.

இனி லிஃப்டிங் பின்தான் தீர்ப்புச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பின்னை விரலால் மேலே தள்ளினால் முதலில் வெறும் ஆட்டம் இருக்கும், பிறகு பிஸ்டன் தட்டுப்படும், அதற்கு மேல் முக்கால் மில்லிமீட்டர் தூக்கினால் போதும். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), உடனே விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), லேசாக ஏறி இறங்கி நிலைத்தால் சரி. நிறையத் தூக்கினால் எந்த வண்டியும் திணறும், அதைப் பார்த்துவிட்டு லீன் என்று முடிவுகட்டி நட்டை இறக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு முகம்தான். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மறுபடி பாருங்கள்.

கடைசியில் கிளாம்புகளை இறுக்கும்போது இணைப்பில் துளி இடைவெளி விடுங்கள், இரண்டு த்ராட்டிலும் தானாக முழுக்க மூட வேண்டும்.

கேள்வி: ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் வண்டி மூச்சுப் பிடிக்கிறது. மெதுவாக மிதித்தால் ஒன்றுமில்லை.

பதில்: டேஷ்பாட்டில், அதாவது கார்புரேட்டர் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் குடுவையில், எண்ணெய் இருக்கிறதா? எஸ்யூவில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. பிஸ்டன் ஒரேயடியாக மேலே பாயாமல் எண்ணெய் பிடித்துவைப்பதால்தான் அந்தக் கணத்தில் பெட்ரோல் கூடுகிறது. மூடியோடு சேர்ந்த டாம்பர் கம்பியை உருவி, 20 கிரேடு எஞ்சின் எண்ணெய் விட்டு, டாம்பரை இறக்கும்போது சைக்கிள் பம்ப் மாதிரி எதிர்ப்புத் தெரிகிறதா பாருங்கள். டேஷ்பாட்டைக் கழற்ற நேர்ந்தால் எதன் பிஸ்டன் எதனுடையது என்று குறித்துவையுங்கள், ஜோடி மாறக்கூடாது.

கேள்வி: ஐட்லிங் ஒருநாள் 700, ஒருநாள் 1300. எல்லாம் செய்தாயிற்று.

பதில்: த்ராட்டில் ஸ்பிண்டிலை (த்ராட்டில் திரும்பும் தண்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் அந்த வழியாகக் காற்று புகுகிறது, அதை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. புதிய ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போடவேண்டும்.

கேள்வி: இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே வெபர் கார்புரேட்டர் போட்டால் தொல்லை விட்டதா சார்?

பதில்: ஒன்றை ஒன்றோடு சமன் செய்கிற வேலை போகும், அவ்வளவுதான். நல்ல நிலையில் உள்ள எஸ்யூவைக் கழற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: அம்பாசடரும் இதே எஞ்சின்தானாமே?

பதில்: குடும்பம் ஒன்று, பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ். பழைய அம்பாசடரில் 1489 சிசி. டேப்பட், இக்னிஷன், அப்புறம் கார்புரேட்டர் என்ற வரிசை அங்கேயும் அதேதான்.

கேள்வி: ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. ஓட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்த எஞ்சினில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் ஒரே பக்கம், சொட்டுகிற பெட்ரோல் தீப்பிடிக்கலாம். ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்) பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வில் தூசி மாட்டியிருக்கும், அல்லது ஃப்ளோட்டே ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கும். சுத்தம் செய்து மூடியபின், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் சாவியை மட்டும் போடுங்கள். பின்பக்கம் எலெக்ட்ரிக் பம்ப் சில முறை டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றால் வால்வு பிடித்துவிட்டது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ போகிறது, சாவியை அணைத்துவிட்டு மறுபடி மூடியைத் திறங்கள்.