பாசி மிதவை போடலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் எங்கள் மகளிர் குழுவுக்கு மானியத்தில் பாசி மிதவை, அதாவது கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் கட்டி வளர்க்கும் மூங்கில் தெப்பம், தருவதாகச் சொல்கிறார்கள். 45 நாளுக்கு ஒரு அறுவடையாம், மாதாமாதம் காசு வருமாம். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் ஈரப் பாசியின் எடையைக் காட்டி யாராவது கணக்குப் போட்டால் தலையாட்டாதீர்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், கடல் ஒத்துழைத்தால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் தேறும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைக் காயப்போட்டால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும், அதாவது மிதவைக்கு 14, 15 கிலோ. வியாபாரி தரும் விலையால் அதைப் பெருக்குங்கள், கயிறு, வலை, படகுக் கூலி எல்லாம் கழித்து, குழுவில் எத்தனை பேரோ அத்தனையால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து மிதவையில் குடும்பம் ஓடாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மாதாமாதம் என்பதெல்லாம் சும்மா பேச்சு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் மிதவையே அடித்துக்கொண்டு போகும், அந்த நாட்களில் விதைப்பாசியைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. கோடையில் தண்ணீர் சூடானால் தண்டு வெளுத்து ஒடிந்து விழும், இதைத்தான் 'ஐஸ் ஐஸ்' நோய் என்கிறார்கள். 2013-14இல் பாக் நீரிணைக் கரையில் இப்படித்தான் பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது, பலர் தொழிலையே விட்டார்கள். பழைய பாசியையே வெட்டி வெட்டி நடுவதால் எல்லாம் ஒரே வார்ப்பு, ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது. அப்புறம் ஓரா மீன்! அடியில் வலை கட்டாவிட்டால் குருத்தையெல்லாம் கொறித்துவிடும்.

2020இல் தொடங்கிய மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவை ஒன்றின் செலவு 1,500 ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள், அதில் பெண்களுக்கு 60 சதவீத மானியம். அந்தப் பணம் வந்து சேரும்வரை கைமுதல் யார் போடுவது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மீன் காயவைப்பு, நண்டு என்று இப்போது கையில் இருக்கும் வேலையை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: இந்தப் பாசி பவளப்பாறையை மூடிக் கொன்றுவிடும் என்கிறார்களே?

பதில்: அது வீண் பயம் அல்ல, காரணம் இருக்கிறது. கப்பாபைகஸ் நம் கடலில் பிறந்ததல்ல, 1980களில் ஜப்பானிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்தது. 2008இல் மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் இது படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தீவுகள் இருக்கும் மன்னார் வளைகுடாப் பகுதியில் இதை வளர்க்கக் கூடாது என்று தமிழக அரசு 2005லேயே வரம்பு போட்டதற்கும் இந்தப் பயம்தான் காரணம். அனுமதித்த இடத்தில் மட்டும் போடுங்கள், அறுந்து விழுந்த துண்டுகளைக் கடலில் விடாமல் பொறுக்கிக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: நோன்பு திறக்கச் செய்யும் கடல்பாசி இனிப்பை இதில் செய்யலாமா?

பதில்: அது வேறு. அதை உறையவைக்கும் அகர் அகர் என்ற பொருள், மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்றவற்றிலிருந்து எடுப்பது. இதிலிருந்து வருவது கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருள், ஐஸ்கிரீமுக்கும் டூத்பேஸ்டுக்கும் போகிறது. பச்சையாகப் பிழிந்த சாற்றைப் பயிருக்குத் தெளிக்கிறார்கள்.