ஷெட்யூலிங் பிரிவில் இருந்துகொண்டே புரோகிராமிங் ஹெட் ஆக முடியுமா?

கேள்வி: காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, ஒரு பொழுதுபோக்குச் சேனலின் ஷெட்யூலிங் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எந்த நேரத்தில் எந்த எபிசோட், எங்கே பிரேக், எங்கே புரோமோ என்று தினமும் அட்டவணை போடுவதுதான் என் வேலை. ஒருநாள் புரோகிராமிங் ஹெட் ஆக வேண்டும் என்பது என் ஆசை. "இங்கேயே இருந்தால் கிளார்க்காகத்தான் ரிட்டயர் ஆவாய், போய் ஒரு சீரியலில் உதவி இயக்குநராகச் சேர்" என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் எம்பிஏ படிக்கச் சொல்கிறார்கள். ஓடிடி பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம் என்று இன்னும் சிலர். நான் எந்த வழியில் போவது?

பதில்: இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஆனால் செய்கிற வேலையைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்யத் தொடங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

புரோகிராமிங் ஹெட் என்றதும் கதை கேட்பவர், நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர் என்ற சித்திரம்தான் பலருக்கும் வரும். அதெல்லாம் அந்த வேலையில் உண்டுதான். ஆனால் நிர்வாகம் அவருக்குச் சம்பளம் கொடுப்பது முக்கியமாகச் சில முடிவுகளுக்காக. இந்த நிகழ்ச்சி யாருக்கு, எத்தனை மணிக்கு வைப்பது, எடுபடவில்லை என்றால் எவ்வளவு நாள் பொறுப்பது. நல்ல கதையை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளைச் சேர்த்து யோசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதில் "எத்தனை மணிக்கு" என்பது நான்கு ஆண்டுகளாக உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ரெட் சில்வர்மேனைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சிபிஎஸ், ஏபிசி, என்பிசி ஆகிய மூன்று பெரிய நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகளையும் வெவ்வேறு காலத்தில் வழிநடத்தியவர் அவர். அவருடைய முதுகலை ஆய்வேடு எதைப் பற்றியது தெரியுமா? ஏபிசி நெட்வொர்க்கின் பல ஆண்டு நிகழ்ச்சி அட்டவணையைப் பற்றியது. எந்த நாளில் எதை வைத்தார்கள், எதற்குப் பின்னால் எது வந்தது, எது எடுபட்டது என்று உட்கார்ந்து அலசியிருக்கிறார். 1963-ல், 25 வயதில், சிபிஎஸ் அவரைப் பகல்நேர நிகழ்ச்சிகளின் பொறுப்பில் அமர்த்தியது. 1970-ல் அந்த நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகள் மொத்தமும் அவரிடம் வந்தன. 1975-ல் ஏபிசிக்குப் போனார்; மூன்றாம் இடத்தில் கிடந்த அந்த நெட்வொர்க் அடுத்த ஆண்டு சீசனிலேயே முதலிடத்துக்கு வந்தது. அவர் ஒரு காட்சியைக்கூட இயக்கிப் பெயர் வாங்கியவரில்லை. அட்டவணையைப் படித்தவர்.

நேரத்தின் பலத்துக்கு ஓர் உதாரணம். பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடர் 1985 பிப்ரவரியில் மாலை 7 மணிக்குத் தொடங்கியது. அதே நேரத்தில் போட்டிச் சேனலில் எம்மர்டேல் ஃபார்ம் என்ற தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பழக்கப்பட்ட தொடரை விட்டுவிட்டுப் புதியதைப் பார்க்க எல்லோரும் வந்துவிடுவார்களா? பிபிசி ஒன்னின் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், செப்டம்பரில் தொடரை 7.30-க்கு மாற்றினார். அதே கதை, அதே நடிகர்கள், அரை மணி நேரம் மட்டும் தள்ளிப் போனது. பார்வையாளர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். 1986 கிறிஸ்துமஸ் எபிசோடை மறு ஒளிபரப்பையும் சேர்த்து மூன்று கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. கதையும் நன்றாக இருந்ததால்தான் இது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்குக் கூட்டம் வர வழிவிட்டது அரை மணி நேரம்.

சரி, உங்கள் வேலையை எப்படி வேறு மாதிரி செய்வது?

வாராவாரம் ரேட்டிங் வரும்போது சராசரியை மட்டும் பார்த்துவிட்டு ஷீட்டை மூடிவிடாதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் நிமிட வாரியான வரைபடம் உங்கள் சேனலில் ஆய்வுப் பிரிவிடம் கண்டிப்பாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். 8 மணித் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8.00-க்கு ஒரு எண் இருக்கிறது. அதில் எத்தனை பேர் 7.30 தொடரைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பவர்கள், எத்தனை பேர் இதற்கென்றே வந்தவர்கள் என்று முதலில் பாருங்கள். 8.09-க்கு முதல் பிரேக். கோடு இறங்குகிறது. பிரேக் முடிந்து 8.13-க்கு மறுபடி ஏறுகிறதா? ஏறினால் கவலையில்லை. ஏறவில்லை என்றால் அந்த நேரத்தில் போட்டிச் சேனலில் என்ன போய்க்கொண்டிருந்தது என்று எடுத்துப் பாருங்கள். அங்கே அப்போது கதை உச்சத்தில் இருந்திருக்கலாம். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். உங்கள் பிரேக்கை மூன்று நிமிடம் முன்னே தள்ளினால் இந்த இழப்பு குறையுமா என்று யோசிப்பவர் ஷெட்யூலர் நாற்காலியில் இருந்தாலும் புரோகிராமிங் ஆள்தான். கோடு பிரேக்கில் இறங்காமல் காட்சிக்கு நடுவில் இறங்கினால் அது வேறு நோய். அந்த எபிசோடை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை இரண்டு பேர் மறுபடி பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. உங்கள் சேனலில், போட்டிச் சேனல்களில் எந்தப் புது நிகழ்ச்சி வந்தாலும், முதல் எபிசோடைப் பார்த்த கையோடு உங்கள் கணிப்பை எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து எந்த நிலையில் இருக்கும், யார் பார்ப்பார்கள், எந்த நிகழ்ச்சியிடமிருந்து ஆட்களை இழுக்கும், ஏன். தேதியோடு எழுதுங்கள். எட்டு வாரம் கழித்துத் திரும்பப் படியுங்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாதவர்கள் இந்தத் துறையில் அபூர்வம். முன்கூட்டி எழுதி வைத்தவர்கள் அதைவிட அபூர்வம். ஆட்களைத் தேர்வு செய்யும் இடத்தில் நான் இருக்கும்போதெல்லாம் அப்படி ஒரு நோட்டு வைத்திருப்பவரிடம் கூடுதல் நேரம் பேசுவேன். கணிப்பு தவறியிருந்தாலும் பரவாயில்லை. ஏன் தவறியது என்று அவர் சொல்வதில் எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது காத்திருப்பு. இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். என்பிசியில் 1982 செப்டம்பரில் தொடங்கிய சியர்ஸ் நகைச்சுவைத் தொடர் ஆரம்பத்தில் தரவரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. அப்போது நெட்வொர்க்கை நடத்திய கிராண்ட் டிங்கரும் நிகழ்ச்சிகளைக் கவனித்த பிராண்டன் டார்டிகாஃபும் அதை நிறுத்தவில்லை. 1984-ல் அதே வியாழக்கிழமையில் தி காஸ்பி ஷோ வந்து பெரிய வெற்றி பெற்றதும் அன்றைய இரவு முழுவதும் தூக்கி நிறுத்தப்பட்டது. சியர்ஸ் 11 சீசன் ஓடியது.

அதே என்பிசியின் சைன்ஃபெல்ட் நகைச்சுவைத் தொடரின் கதை இன்னும் நெருக்கமானது. 1989-ல் அதன் பைலட்டை, அதாவது முன்னோட்டமாக எடுத்த மாதிரி எபிசோடை, போட்டுக் காட்டியபோது சோதனைப் பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. சீரியல் பிரிவு கைவிட்டுவிட்டது. பின்னிரவு நிகழ்ச்சிகளையும் சிறப்பு நிகழ்ச்சிகளையும் கவனித்துவந்த ரிக் லுட்வின் என்ற அதிகாரி, தன் பிரிவின் பட்ஜெட்டில் இருந்து பணம் ஒதுக்கி நான்கே நான்கு எபிசோடுக்கு வழி செய்தார். அந்த நான்கிலிருந்து வளர்ந்த தொடர் 9 சீசன் ஓடி 1998-ல் முடிந்தது. கவனியுங்கள், அவர் உச்சப் பதவியில் இருந்தவரில்லை. தன் கையில் இருந்த சின்ன பட்ஜெட்டை வைத்துத்தான் இதைச் செய்தார்.

அதற்காக, குறைந்த எண் வந்த எல்லாவற்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாலானவை குறைந்த எண்ணோடு தொடங்கி குறைந்த எண்ணோடுதான் முடியும். எதற்குக் காத்திருக்கலாம் என்பதற்கு நான் பார்ப்பது, வந்தவர்கள் கடைசிவரை இருக்கிறார்களா, அதே ஆட்கள் மறுநாளும் வருகிறார்களா என்பதைத்தான். வந்தவர்கள் தங்கிவிட்டால், குறை நிகழ்ச்சியில் இல்லை. ஆட்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, அல்லது நேரம் தவறு. இரண்டையும் சரிசெய்யலாம். முதல் எபிசோடுக்குக் கூட்டம் வந்து வாராவாரம் கரைகிறது என்றால் புரோமோ வேலை செய்திருக்கிறது, நிகழ்ச்சி செய்யவில்லை. அங்கே பொறுமை பலிக்காது.

இனி, உங்களிடம் இல்லாதது. ஸ்கிரிப்ட் படித்துக் கருத்துச் சொல்லும் பயிற்சி ஷெட்யூலிங் மேசையில் கிடைக்காது. இதைத் தேடிப் போய்த்தான் பெற வேண்டும். உங்கள் சேனலின் நிகழ்ச்சிப் பிரிவில், வரும் கதைச் சுருக்கங்களை எல்லாம் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. வேலை நேரத்துக்குப் பிறகு படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். குறிப்பு எழுதும்போது எழுத்தாளரின் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். "இரண்டாம் காட்சியில் நாயகியை அழ வையுங்கள்" என்று எழுதினால் அது உத்தரவு. "வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், சரி, இத்தனை வருடம் பொறுத்தவள் ஏன் இன்றைக்குக் கிளம்புகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை" என்று எழுதினால் எழுத்தாளர் உட்கார்ந்து யோசிப்பார். நீங்கள் சொல்லாத, அதைவிட நல்ல ஒரு வழியோடு திரும்பி வருவார். வேண்டாம் என்றால் அதையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். பதிலே சொல்லாமல் ஆறு மாதம் இழுத்தடிக்கும் சேனலிடம் நல்ல எழுத்தாளர் தன் அடுத்த கதையைக் கொண்டுவர மாட்டார்.

பணக் கணக்கும் தெரிய வேண்டும். ஒரு எபிசோடுக்கு ஆகும் செலவு, அந்த அரை மணியில் விற்கக்கூடிய விளம்பர விநாடிகள், மறு ஒளிபரப்பு உரிமை யாரிடம் என்ற இந்த மூன்றையும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு ஒளிபரப்பு நேரத்துக்கும், எழுதிப் பாருங்கள். ரேட்டிங்கில் இரண்டாம் இடத்தில் இருக்கும் நிகழ்ச்சி லாபத்தில் முதலிடத்தில் இருப்பதும் தெரியவரலாம். இந்தப் பதவிக்கு அதிகாரம் வந்ததே விளம்பரக் கணக்கு மாறியதால்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்ப நாட்களில் பல நிகழ்ச்சிகளை ஸ்பான்சர்களும் விளம்பர ஏஜென்சிகளுமே தயாரித்தார்கள். நெட்வொர்க் நேரத்தை மட்டும் விற்றது. 1950-களில் என்பிசியின் பேட் வீவர், நிகழ்ச்சியை நெட்வொர்க்கே வைத்துக்கொண்டு நிமிடங்களைப் பல விளம்பரதாரர்களுக்குப் பிரித்து விற்கும் முறையை முன்னெடுத்தார். 1952-ல் அவர் தொடங்கிய காலை நிகழ்ச்சியான டுடே இன்றும் ஓடுகிறது.

உதவி இயக்குநர் யோசனைக்கு வருகிறேன். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது, ஒரு நாளில் எத்தனை காட்சி எடுக்க முடியும், மழை வந்தால் எந்தக் காட்சி முதலில் வெட்டுப்படும் என்பதெல்லாம் தெரிந்திருப்பது நல்லதுதான். விடுப்பு எடுத்தோ, உள்ளேயே தற்காலிக மாற்றம் கேட்டோ சில மாதங்கள் ஒரு தயாரிப்புக் குழுவோடு இருங்கள். அதற்காக வேலையை விட வேண்டாம். தயாரிப்பிலிருந்து மேலே வந்தவர்களும் உண்டு. டேவிட் அட்டன்பரோ பிபிசியில் தயாரிப்பாளராக இருந்து, 1965-ல் பிபிசி டூ சேனலின் கன்ட்ரோலர், அதாவது தலைமைப் பொறுப்பாளர், ஆனார். அந்தச் சேனல் 1967-ல் வண்ணத்துக்கு மாறியது அவர் காலத்தில்தான். அதற்கும் மேல் பதவி உயர்வு வந்த பிறகு, அதை விட்டுவிட்டு நிகழ்ச்சி எடுக்கவே திரும்பிப் போனார். செட்டில் இருந்த மாதங்கள் முடிந்து மேசைக்குத் திரும்பும்போது உங்களுக்கும் மனம் கனத்தால், நீங்கள் நிகழ்ச்சி எடுக்க வேண்டியவர். அப்போது நண்பர்கள் சொன்னது சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பிஏ கட்டாயம் இல்லை. வேலையோடு சேர்த்துப் படிக்க முடிந்தால் பட்ஜெட் கூட்டங்களில் உதவும். அதற்காக இரண்டு ஆண்டு வெளியே போகாதீர்கள்.

ஓடிடி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே மணிக்கணக்கு இல்லை, ஆகவே அட்டவணைத் திறமை வீண் என்று பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். நெட்ஃப்ளிக்ஸ் 2013 பிப்ரவரியில் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ் தொடரின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் விட்டது. டிஸ்னி பிளஸ் 2019-ல் தி மாண்டலோரியனை வாரம் ஒன்றாக விட்டது. இரண்டுமே அட்டவணை முடிவுகள்தான். எந்த மாதம் வெளியிடுவது, எதை முகப்பின் முதல் வரிசையில் வைப்பது, ஒன்றைப் பார்த்து முடித்தவருக்கு அடுத்து எதைக் காட்டுவது என்று அங்கேயும் இதே மூளைதான் வேலை செய்கிறது. ஆனால் இப்போதே போனால் உங்களைத் தரவு ஷீட் நிரப்பும் இடத்தில்தான் உட்கார வைப்பார்கள். இங்கே ஒரு ஸ்லாட்டை, அது மதிய ஸ்லாட்டோ வாரக்கடைசிக் காலையோ எதுவானாலும், முழுப் பொறுப்போடு வாங்கி ஒரு வருடம் நடத்திக் காட்டிவிட்டுப் போங்கள். சில்வர்மேனுக்கும் சிபிஎஸ் முதலில் கொடுத்தது பகல்நேரம்தான். அங்கே பணமும் குறைவு, மேலிடத்தின் கண்ணும் குறைவு. அதனால் சோதித்துப் பார்க்க இடம் அதிகம்.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. இந்தப் பதவியில் விதைப்பவரே அறுவடை செய்வது அரிது. ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் தொடரை 1981 ஜனவரியில் தொடங்கி, மோசமான ரேட்டிங்கிலும் தாங்கிப் பிடித்தவர் சில்வர்மேன். அந்த ஆண்டு செப்டம்பரில் அது அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில் எட்டை வாங்கியபோது அவர் என்பிசியில் இல்லை. ஏபிசியில் லாய்ட் பிரான், மிகப் பெரும் செலவில் லாஸ்ட் தொடரின் பைலட்டுக்கு ஒப்புதல் கொடுத்தார். 2004 செப்டம்பரில் அது ஒளிபரப்பாகிப் பெரும் வெற்றி பெறும் முன்பே பதவி இழந்தார். ஆகவே மேலே போகப் போக ஒப்பந்தத்தைக் கவனித்துப் படியுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, இடையில் அனுப்பினால் எத்தனை மாதச் சம்பளம், போட்டிச் சேனலில் சேர எத்தனை மாதத் தடை என்பதை எழுத்தில் வாங்குங்கள். தடை ஆறு மாதம் என்றால் இழப்பீடும் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். அப்புறம், திரையில் உங்கள் பெயர் வராது என்பதால், எந்த ஸ்லாட்டை எந்தத் தேதியில் எந்த நிலையில் ஏற்றுக்கொண்டீர்கள், எங்கே விட்டுச் சென்றீர்கள் என்ற பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சேனலில் பேசும்போது அந்தப் பட்டியல்தான் உங்களுக்கு பயோடேட்டா.