டெலிபோனையும் கணினியையும் இணைக்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறோம். மூன்று லேண்ட்லைன், ஒரு பழைய இபிஏபிஎக்ஸ் (கடைக்குள் அழைப்புகளைப் பிரித்துத் தரும் சிறிய எக்ஸ்சேஞ்ச்), எட்டு இன்டர்காம் இருக்கின்றன. போன் மணி அடித்ததும் அழைப்பவர் யார், அவர் கணக்கில் பாக்கி எவ்வளவு என்பது கணினித் திரையில் தெரிய வேண்டும். இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு ஐபி பிபிஎக்ஸ் (கணினி நெட்வொர்க்கில் ஓடும் எக்ஸ்சேஞ்ச்) போட்டால்தான் முடியும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்மையில்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு வசதி. அதற்காக ஒரு எக்ஸ்சேஞ்சையே வாங்க வேண்டியதில்லை.

லைனில் காலர் ஐடி சேவை இருந்தால், அழைப்பவரின் எண் அதே கம்பி வழியாகத்தான் வருகிறது. அதைப் படித்து யுஎஸ்பி மூலம் கணினிக்குத் தரும் சிறிய பெட்டிகள் கடைகளில் உண்டு. நான்கு லைன்களை ஒன்றாகக் கவனிக்கும் பெட்டியும் கிடைக்கிறது. ஆனால் எண்ணை அனுப்புவதில் எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரித்த பெட்டி எஃப்எஸ்கே மட்டுமே படிக்கும். உங்கள் லைன் டிடிஎம்எஃப் முறையில் அனுப்பினால் அந்தப் பெட்டி மணி அடிப்பதைக் காட்டும், எண்ணைக் காட்டாது. இரண்டையும் படிக்கும் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். அதை இன்டர்காம் பக்கத்தில் மாட்டாமல், லைன் இபிஏபிஎக்ஸுக்குள் நுழைவதற்கு முன்பே இணையாக மாட்டச் சொல்லுங்கள்.

பெரும்பாலான கடைகளில் திட்டம் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பெட்டி எண்ணைச் சரியாகப் படித்திருக்கும், திரையில் பெயர் வராது. காரணம், உங்கள் கணக்குப் புத்தகத்தில் எண் பதிந்திருக்கும் விதம். ஒருவர் எண்ணுக்கு முன்னால் 0, இன்னொருவருக்கு +91, வேறொருவருக்கு நடுவில் இடைவெளி, ஒரே கட்டத்தில் இரண்டு எண்கள். உள்ளூர் லேண்ட்லைன் 0424 இல்லாமல் ஏழு இலக்கமாக வந்து நிற்கும். மென்பொருள் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் ஒப்பிட வேண்டும், உள்ளூர் எண்ணுக்குத் தானே கோடு எண்ணைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். வாங்குவதற்கு முன் வாடிக்கையாளர் பட்டியலை ஒருமுறை உட்கார்ந்து திருத்திவிடுங்கள். அந்த வேலையை எந்த இயந்திரமும் உங்களுக்காகச் செய்து தராது.

பாக்கித் தொகை வேண்டும் என்றால், நீங்கள் இப்போது பயன்படுத்தும் கணக்கு மென்பொருளின் அதே பதிப்போடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மடிக்கணினியில் காட்டும் மாதிரி போதாது. உங்கள் கடை, உங்கள் லைன், உங்கள் கணக்கு, உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அழைப்பு என்று எல்லாம் சேர்ந்து வேலை செய்த பிறகுதான் முழுப் பணம்.

கிளைக் கடை திறக்கிறீர்கள், அழைப்பை அங்கே மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால் ஐபி பிபிஎக்ஸ் சரியான முடிவு. அப்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். மார்க் ஸ்பென்சர் 1999-ல் எழுதிய ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் திறமூலமாக, இலவசமாகவே கிடைக்கிறது. சந்தையில் விற்கும் பல பெட்டிகளுக்குள் ஓடுவதும் அதுதான். ஆகவே நீங்கள் பணம் கொடுப்பது பெட்டிக்கும், நிறுவித் தரும் உழைப்புக்கும், பின்னால் வந்து பார்க்கும் சேவைக்கும். விலைப்பட்டியலை அப்படிப் பிரித்துக் கேளுங்கள். இப்போதுள்ள மூன்று லைன்களையும் அதில் சேர்க்க, வெளி லைனை உள்ளே வாங்கும் எஃப்எக்ஸ்ஓ கேட்வே தேவைப்படும். எஃப்எக்ஸ்எஸ் வேறு, அது சாதாரண போனுக்கு டயல் டோன் கொடுப்பது. இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செம்புக் கம்பி லைனை ஃபைபராக மாற்றச் சொல்கிறார்கள். பழைய போன், இன்டர்காம் எல்லாம் வீணாகுமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: வீணாகாது. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் பின்புறம் போன் மாட்டும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து ஒரு வயரை இன்டர்காமின் வெளி லைன் துளைக்குக் கொண்டுபோனால் போதும்.

எனக்குக் கவலை மின்தடையைப் பற்றித்தான். செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண போன் பேசியது அதனால்தான். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கரண்ட் போனால் ஓஎன்டி அணையும், அதோடு போனும் அணையும். சென்னையில் மழைக்காலத்தில் இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கட்டடத்தில் லிப்டுக்குள் இருக்கும் அவசரப் போன் எந்த லைனில் ஓடுகிறது என்று உடனே பாருங்கள். திருட்டு எச்சரிக்கைக் கருவி தானாக டயல் செய்யும் வகையா என்பதையும் பாருங்கள். அவை இந்த லைனை நம்பியிருந்தால், ஓஎன்டிக்கும் இன்டர்காமுக்கும் பேட்டரி வசதி செய்த பிறகே மாற்றத்துக்குச் சம்மதியுங்கள். ரௌட்டர்களுக்கென்றே சிறிய யுபிஎஸ் விற்கிறார்கள். ஓஎன்டி அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். மாற்றம் முடிந்த அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, லிப்ட் போனிலிருந்து ஒரு சங்க உறுப்பினரின் எண்ணுக்குப் பேசிப் பார்த்த பிறகு வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: மொபைலுக்கு வரும் அழைப்பைக் கணினியிலேயே எடுத்துப் பேச ஒரு மென்பொருள் உண்டாம். கடையில் பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: வேண்டாம், அம்மா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘போன் லிங்க்’ என்ற செயலி இலவசம். ஆண்ட்ராய்டு போனில் ‘லிங்க் டு விண்டோஸ்’ செயலியைப் போட்டு, கணினித் திரையில் தெரியும் கட்டத்தைக் கேமராவில் காட்டினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பேசுவதற்கு மட்டும் கணினியில் புளூடூத் இருக்க வேண்டும். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் அது இருக்காது, சிறிய யுஎஸ்பி புளூடூத் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு கிளவுட் டெலிபோன் சேவை (எக்ஸ்சேஞ்ச் நம்மிடம் இல்லாமல், சேவை நிறுவனத்தின் கணினியில் இணையம் வழியே ஓடுவது) எடுக்கலாம் என்றிருக்கிறோம். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்கிறார்கள். இன்டர்நெட் வேகத்தையும் கூட்ட வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், கோவை

பதில்: வேகத்தைக் கூட்டத் தேவையில்லை. குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு விநாடிக்கு 64 கிலோபிட். குரலைத் துண்டுகளாக அனுப்பும்போது சுற்றும் பொதியுறைகளைச் சேர்த்தாலும் 90 கிலோபிட்டைத் தாண்டாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். குரல் விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் தாமதமும் தடுமாற்றமும் (குரல் துண்டுகள் சீரான இடைவெளியில் வந்து சேராதது). ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை. வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளில் இணைத்தாலே பாதிப் புகார் குறையும்.

நான் கேட்கச் சொல்வது எண்ணைப் பற்றி. நோயாளிகளுக்கு அச்சடித்துக் கொடுக்கப்போகும் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது? சேவை நிறுவனத்தின் பெயரில் இருந்தால், நாளை நீங்கள் விலகும்போது எண் அவர்களிடமே தங்கிவிடும். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் வசதியும் நம் நாட்டில் இல்லை. நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணை வெளியே கொடுத்து, அதிலிருந்து அழைப்பைக் கிளவுட் எண்ணுக்குத் திருப்பிவிடுவது பாதுகாப்பானது. விலகும்போது அழைப்புப் பட்டியலையும் ஒலிப்பதிவுகளையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பேசுவதைப் பதிவு செய்வதாக இருந்தால், அழைப்பின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லும் அறிவிப்பு இருக்கட்டும். உங்களிடம் பேசுபவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தின் ஐபி பிபிஎக்ஸ் வழியாக ஒரே இரவில் ஏராளமான வெளிநாட்டு அழைப்புகள் போயிருக்கின்றன. பில்லைப் பார்த்து அதிர்ந்துபோனோம். நிறுவித் தந்தவர் தனக்குப் பொறுப்பில்லை என்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: இது உலகெங்கும் நடக்கும் பழைய மோசடி. இணையத்தில் 5060 என்ற போர்ட் (இணையவழி அழைப்புகள் நுழையும் வாசல்) திறந்திருக்கும் பிபிஎக்ஸ்களை இரவும் பகலும் தேடும் நிரல்கள் இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று விட்டிருந்தால் உடனே உள்ளே வந்துவிடும். பிறகு மோசடிக்காரர்கள் நிமிடக் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும்.

முதலில் பெட்டியின் பதிவேட்டை நகலெடுங்கள். நிறுவியவர் வந்து ‘ரீசெட்’ செய்துவிட்டால் ஆதாரம் போய்விடும். அடுத்து, லைனில் ஐஎஸ்டி வசதியை மூடும்படி டெலிபோன் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். பில்லை மறுத்து அவர்களின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா என்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தியவருக்கு விலக்கு உண்டு. டெலிபோன் சேவை மீதான புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் அலுவலகம் எந்த வகை என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

நிறுவியவரின் பில்லில் ‘நிறுவுதல், அமைப்புகள்’ என்று கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை அமைத்ததும் போர்ட்டைத் திறந்துவிட்டதும் அவர் வேலையாக இருந்தால், பொறுப்பில்லை என்ற பேச்சு எளிதில் நிற்காது.