பிஜிஓ போட்ட பிறகு எங்கள் சி++ சர்வீஸ் முன்பைவிட மெதுவாகிவிட்டது. இதெல்லாம் வீண் வேலையா?

வீண் வேலை இல்லை. பிஜிஓ என்பது நிரலை முதலில் ஒரு பயிற்சி ஓட்டம் ஓட்டி, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று எண்ணி, அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்வது. நீங்கள் ஜிசிசி கம்பைலரில் பில்ட் செய்து, பயிற்சி ஓட்டத்துக்கு யூனிட் டெஸ்டுகளையே ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, கையில் தயாராக இருப்பது அதுதானே.

சிங்கப்பூரில் பங்குச்சந்தை ஆர்டர்களைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். "நம்ம பில்ட் பிஜிஓ பில்ட்" என்று மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தேடிப் பார்த்தால், பயிற்சி ஓட்டத்தின் எண்ணிக்கைகள் எழுதப்படும் ஜிசிடிஏ கோப்பு ஒன்றுகூட இல்லை! ப்ரொஃபைல்-ஜெனரேட் ஃப்ளாகோடு கம்பைல் செய்த நிரல், எந்தக் கிளை எத்தனை முறை ஓடியது என்று நினைவகத்தில்தான் எண்ணிக்கொண்டிருக்கும். ஒழுங்காக வெளியேறும்போதுதான் அதைக் கோப்பில் எழுதும். எங்கள் சர்வீஸோ கன்டெய்னரில் ஓடியது. நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலைக் கையாள ஆளில்லை, வந்த உடனே செத்துவிடும். எண்ணியதெல்லாம் அதோடு போச்சு. சிக்னல் வந்தால் மெயின் த்ரெட் முறையாக முடியும்படி மாற்றினேன், கோப்புகள் வந்தன.

வந்த பிறகுதான் உங்கள் கதை. காலையில் சர்வீஸ் முன்பைவிடத் தடுமாறியது. காரணம் ஜிசிசி ஆவணத்திலேயே இருக்கிறது: பயிற்சியில் ஓடாத பகுதிகளை ஜிசிசி வேகத்துக்காக அல்ல, அளவைச் சுருக்குவதற்காகத்தான் உகந்ததாக்கும். எங்கள் டெஸ்டுகளில் பாதி, தப்பான ஆர்டரை நிராகரிக்கிறதா என்று பார்ப்பவை. ஆக நிராகரிக்கும் பாதைக்கு ராஜமரியாதை. காலை எட்டரைக்கு, சந்தை திறப்பதற்கு முன் ஆர்டர்களை ஏற்கும் முன்திறப்பு தொடங்கியதும் குவிகிற திருத்தங்களையும் ரத்துகளையும் பார்க்கிற நிரல்பகுதி மூலையில் கிடந்தது.

பிறகு ஒரு காலைப்பொழுதின் செய்திகளை அப்படியே பதிவு செய்து, எண்ணும் பில்டில் திரும்ப ஓட்டினோம். அதிலும் ஒரு வில்லங்கம். எண்ணும் பில்ட் மெதுவானது. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்ட அனுப்பும் ஹார்ட்பீட் நேரம் தவறி இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டியது, மறுஇணைப்பு நிரல்பகுதிதான் மிக முக்கியம் என்று ப்ரொஃபைல் சொன்னது. பயிற்சிக்கு மட்டும் டைம்அவுட்டுகளை நீட்டிய பிறகே எண்கள் நம்பும்படி இருந்தன. உங்களால் நிஜமான சுமையைப் பதிவு செய்ய முடியாவிட்டால், ஜிசிசி 10இலிருந்து ப்ரொஃபைல்-பார்ஷியல்-டிரெய்னிங் என்று ஒரு ஃப்ளாக் இருக்கிறது. ஓடாத பகுதிகளை அது சாதாரணமாக விட்டுவிடும். முழுப் பலன் வராது, ஆனால் பாழும் ஆகாது.

இந்தச் சோதனைகளை எல்லாம் சந்தை மூடிய பிறகு, ராத்திரியில்தான் செய்ய விட்டார்கள். கடைசி எம்ஆர்டி ரயில் போன பிறகு டாக்சி. நள்ளிரவுக்கு மேல் மீட்டரில் பாதி கூடுதல் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். "மீட்டர் தொகை தருவோம், கூடுதல் கட்டணம் உங்கள் சொந்தச் செலவு" என்றது கணக்குப் பிரிவு. பொங்கோலில் இருக்கிற வீட்டுக்கு நடந்தா போவேன்? பாராட்டுக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டவர் வேறொருவர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"எண்ணும் பில்டே இல்லாமல், ஓடுகிற நிரலைப் பெர்ஃப் கருவியால் மாதிரி எடுத்து ஆட்டோஎஃப்டிஓ போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று யாராவது கீழே வருவீர்கள். தெரியும் ஐயா. அது நன்றாக வேலை செய்ய, கடைசியாகத் தாண்டிய கிளைகளைப் பதிந்துவைக்கும் வன்பொருள் வசதி வேண்டும். எங்களுக்குத் தந்த மெய்நிகர் இயந்திரத்தில் அது திறந்துவிடப்படவில்லை. பிஜிஓவே ஏமாற்று என்பவர்களுக்கு: 2016இல் குரோம் 53 விண்டோஸ் 64 பிட்டில் இதைப் போட்டுத்தான் வந்தது, தொடங்கும் நேரம் 16.8 சதவீதம் குறைந்ததாகக் கூகுளே எழுதியது. உங்களுக்கும் அவ்வளவு வரும் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஜிசிடிஏ கோப்புகள் இருக்கின்றனவா, எந்தத் தேதியில் எழுதப்பட்டவை என்று பாருங்கள்.