டர்பனிலிருந்து பிள்ளைகளோடு ஸ்னோபோர்டு பழக எங்கே போகலாம்?

கேள்வி: டர்பனில் இருக்கிறோம். ஜூலை பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஸ்னோபோர்டு பழக ஆசை. பனியையே பார்த்திராத பிள்ளைகளுக்கு ஏற்ற, கூட்டமில்லாத இடம் உண்டா?

உண்டு. லெசோத்தோவின் மலூட்டி மலைகளில் இருக்கும் ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு மையத்துக்குப் போங்கள். ஆனால் வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறு ஜோஹன்னஸ்பர்க் கார்கள் வந்து நிறைந்துவிடும். திங்கள் வந்தால் இடம் நம்முடையது.

முக்கியச் சரிவின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஐரோப்பாவில் சறுக்கிப் பழகியவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தனியாகச் சின்னச் சரிவும் இருக்கிறது. பிள்ளைகள் எங்கே விழுந்தாலும் கண்ணில் படுவார்கள், குரல் கொடுத்தால் கேட்கும். பனியும் பெரும்பாலும் இயந்திரம் தெளிப்பது. உறையும் இரவுகளில் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியாக்குவார்கள். சுற்றிலும் மலை பழுப்பாகக் காய்ந்து கிடக்க, நடுவில் வேட்டி உலர்த்தியது போல ஒரு வெள்ளைப் பட்டை. வானம் பொய்த்த வாரத்திலும் சறுக்கலாம்.

வழி: என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித், அங்கிருந்து பெத்லஹேம், ஃபௌரிஸ்பர்க், கலிடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடி. கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். ரேண்ட் நோட்டே அங்கே செல்லும். எல்லை தாண்டி வரும் மொட்டெங் கணவாயை மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள். நிழல் விழும் வளைவுகளில் தார் மேல் படியும் பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாது.

ஆஃப்ரிஸ்கி 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடலோரத்திலிருந்து ஒரே நாளில் ஏறினால் தலைவலி, குமட்டல் வரலாம். ஒரு ராத்திரி எல்லைக்கு முன்பே உள்ள கிளாரென்ஸ் ஊரில் தங்கிவிட்டுப் போவது நல்லது. ஆஸ்துமா, இதய நோய் உள்ள பெரியவர்கள் வந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வெயிலையும் லேசாக எடுக்க வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கன்னம், மூக்கின் அடிப்பகுதி என்று எல்லா இடத்தையும் சுட்டுவிடும்.

சரி, ஸ்னோபோர்டு. இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டாக நின்று சறுக்குவது. வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம். பிள்ளைக்கு சாக்ஸ் போட்டு, டைல்ஸ் தரையில் ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள். தானாக முன்னே போகும் கால்தான் பலகையிலும் பெரும்பாலும் முன்னால் நிற்கும். என் மகள் வலது கைக்காரி, ஆனால் வலது காலைத்தான் முன்னே வைத்தாள். கையை வைத்துக் கணக்குப் போட முடியாது.

அப்புறம், விழப் பழக வேண்டும். இரண்டு காலும் பலகையோடு கட்டப்பட்டிருப்பதால், விழும்போது கை தானாக நீளும். புதியவர்களுக்கு மணிக்கட்டு உடைவது அப்படித்தான். முன்னால் விழுந்தால் முழங்காலும் முன்கையும் தாங்கட்டும், விரல்கள் மடங்கியிருக்கட்டும். பின்னால் விழுந்தால் முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஹெல்மெட் கட்டாயம், மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள்.

முதல் நாள் முழுக்கக் குதிகால் பக்க விளிம்புதான். பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கால்விரல்களைத் தூக்கினால் அது பனியைக் கடித்து நிற்கும்; கொஞ்சம் தளர்த்தினால் இறங்கும். மகள் இதைப் பிடித்துக்கொண்ட நேரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பலகைக்கு அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், கால்மாட்டில் பனித்தூள் குவிகிறது, அவள் நின்றுவிட்டாள். தானாக நிறுத்த முடிகிறது என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. அதுவரை பெரிய சரிவுக்கு அனுப்பாதீர்கள், எவ்வளவு அடம்பிடித்தாலும். அங்கே மேலே போவதும், பனியில் நின்றபடியே ஆளை இழுத்துப்போகும் இழுவை லிப்டில். பலகையில் பக்கவாட்டாக நின்றுகொண்டு அதைப் பிடித்துப் போக ஒரு பழக்கம் வேண்டும்.

அப்பா அம்மாவே சொல்லிக்கொடுக்க வேண்டாம். பயிற்றுநரிடம் விடுங்கள், பிள்ளை அவர் பேச்சைத்தான் கேட்கும். நீங்களும் பக்கத்திலேயே பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகை, பூட்ஸ் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் ஆளுக்கு இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். பழகும் நாளில் பாதி நேரம் பனியில்தான் உட்கார்ந்திருப்பார்கள், மதியத்துக்குள் முதல் ஜோடி நனைந்துவிடும்.